பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கும்போது மனநலத்தைக் காப்பது எப்படி?

முதலில் தூக்கத்தைச் சீராக்குங்கள், மற்றதெல்லாம் பிறகுதான். உடலுக்குள் ஏறத்தாழ 24 மணி நேரச் சுழற்சியில் ஓடும் கடிகாரத்தைக் காலை வெளிச்சம்தான் நாள்தோறும் திருத்துகிறது. வெளியே போகும் வேலை நின்றதும் அந்த வெளிச்சம் குறைந்துவிடுகிறது. இரவிலோ கைபேசித் திரையின் ஒளி, உறக்கத்துக்கு உடலைத் தயார்படுத்தும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரப்பதைத் தள்ளிப்போடுகிறது. பின்னிரவில் உறங்கி நண்பகலில் எழுபவருக்கு எரிச்சலும் பதற்றமும் கூடுவதில் வியப்பென்ன? ஆகவே, எழும் நேரத்தை மட்டுமாவது மாற்றாதீர்கள். எழுந்ததும் ஜன்னலோரம் சற்று நேரம் இருங்கள். சில நாள்களில் உறக்கமும் மெல்ல வழிக்கு வரும்.

தொற்று எண்ணிக்கையை மணிக்கொரு முறை பார்ப்பதால் ஒரு நோயாளியும் குணமாவதில்லை, உங்கள் நெஞ்சுதான் படபடக்கும். செய்தி நாளுக்கு இருமுறை போதும், படுக்கப் போகும் முன் வேண்டவே வேண்டாம்.

உடற்பயிற்சியைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்குள் வேகமாக நடந்தாலும் பலன் உண்டு. கிடைத்த ஓய்வில் புதிய மொழியோ இசைக்கருவியோ கற்றே தீர வேண்டும் என்பது, என்னைக் கேட்டால், வேண்டாத சுமை.

விலகியிருக்க வேண்டியது உடல் மட்டுமே. குறுஞ்செய்தி அனுப்புவதைவிட அழைத்துப் பேசுங்கள். தனியாக வாழும் நண்பர்களை நீங்களே முந்திக்கொண்டு கூப்பிடுங்கள்.

கோவிட் பரவிய முதல் ஆண்டில் பதற்றமும் மனச்சோர்வும் உலக அளவில் சுமார் 25 சதவீதம் கூடியதாக உலக சுகாதார நிறுவனம் கணித்தது. எனவே இதை உங்கள் பலவீனமாக எண்ண வேண்டாம். எதிலும் நாட்டமின்மையும் துயரமும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் பேசுங்கள். தொலைபேசியிலேயே ஆலோசனை தருபவர்கள் இருக்கிறார்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் இரண்டு வாரக் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள், உடனே உதவி கேளுங்கள்.