வாசகர் கேள்வி பதில்: சாம்பல் நிற அணிலைத் தேடிப் போகிறவர்களுக்கு

கேள்வி: ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்புக்குக் குடும்பத்தோடு போனோம். சாம்பல் நிற அணில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. எப்போது, எங்கே பார்க்க வேண்டும்? (சிவகாசி வாசகர்)

பதில்: வெயில் ஏறிய பிறகு போயிருப்பீர்கள். உச்சி வேளையில் இவை கிளையோடு கிளையாகப் படுத்துவிடும். விடிந்ததிலிருந்து ஒன்பது, ஒன்பதரை வரையும், மாலை நான்குக்கு மேலும்தான் சுறுசுறுப்பாக இரை தேடும். 1988இல் இந்த அணிலுக்காகவே சரணாலயமாக்கப்பட்ட காடு இது. 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்திருக்கிறது. அதனால் எதுவரை போகலாம் என்பதை வனத்துறையிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓடைக்கரையில் புளி, மா போன்ற பெரிய மரங்களின் உச்சிகள் ஒன்றோடொன்று உரசும் இடமாகப் பார்த்து நில்லுங்கள். இந்த அணில் தரைக்கு இறங்குவது அபூர்வம். கிளை விட்டுக் கிளை தாவியேதான் அதன் பிழைப்பு. மரங்கள் விலகி நிற்கும் வெட்டவெளியில் காத்திருப்பது வீண்.

அண்ணாந்து பார்ப்பதற்கு முன் காலடியைப் பாருங்கள். பாதி தின்ற மாங்காய், புளியந்தோடு, பச்சை வாடாத இலைக்கொத்து கிடக்கிறதா? குரங்கின் வேலையாகவும் இருக்கலாம். மாங்காயை எடுத்துத் திருப்பிப் பாருங்கள்: சின்ன உளியால் இழுத்ததுபோல இரண்டிரண்டு கோடுகள் இணையாகத் தெரிந்தால் அணில் கடித்தது. கடித்த இடம் இன்னும் கறுக்கவில்லை என்றால் நேரே மேலேதான் இருக்கும்.

கூட்டை மட்டும் நம்பி நிற்காதீர்கள். குச்சியும் இலையுமாக உருண்டையாகக் கட்டும். ஓர் அணிலே பல கூடுகள் வைத்திருக்கும். இலை காய்ந்து கலைந்திருந்தால் அது பழைய கூடு. புதுப் பச்சை இலை செருகியிருந்தால் புழக்கத்தில் இருக்கிறது. அந்த மரத்தடியில் கூட்டமாக நிற்க வேண்டாம்.

கேள்வி: மலை அணிலும் இதுவும் ஒன்றா? (தேனி வாசகி)

பதில்: ஒரே குடும்பம், வேறு வேறு இனம். மலை அணிலின் முதுகில் அரக்குச் சிவப்பும் கறுப்பும் பளிச்சென்று தெரியும். சாம்பல் நிற அணிலின் ரோம நுனி நரைத்திருக்கும், வயிறு வெளுப்பு. இரண்டுக்குமே வால் ஏறக்குறைய உடல் நீளம் இருக்கும்.

கேள்வி: எங்களைக் கண்டதும் கடகடவென்று கத்தியது. பிறகு அசையாமல் கிளையோடு ஒட்டிக்கொண்டது. ஏன்? (ராஜபாளையம் வாசகர்)

பதில்: அது அபாயக் குரல். கழுகு வகைகள் இவற்றைப் பிடிக்கும். அசையாமல் ஒட்டிக்கொண்டால் மேலிருந்து தெரியாது. உங்களைக் கண்டும் அதையே செய்கிறது. கை நீட்டாமல், பேசாமல், சற்றுத் தள்ளி உட்கார்ந்துவிடுங்கள். கால்மணி நேரத்தில் பெரும்பாலும் மறுபடி தின்னத் தொடங்கும். பின்னங்காலால் கிளையைப் பற்றித் தலைகீழாகத் தொங்கி, முன்னங்கையில் காயைப் பிடித்துக் கடிப்பதை அப்போதுதான் நிதானமாகப் பார்க்க முடியும். வானப் பின்னணியில் படம் கறுத்துவிடும். கேமராவில் வெளிச்ச அளவை ஒரு படி கூட்டி வையுங்கள். பிஸ்கட், கடலை போட்டுக் கீழே வரவழைப்பது மட்டும் கூடவே கூடாது. தரைக்கு வந்து பழகிய அணில் நாய்க்கும் வண்டிக்கும்தான் இரையாகும்.

கேள்வி: மலையடிவாரத்தில் உள்ள எங்கள் மாந்தோப்பில் கூடு கட்டியிருக்கிறது. கவாத்து செய்யலாமா? (வத்திராயிருப்பு விவசாயி)

பதில்: கூடுள்ள மரத்தை இப்போது தொடாதீர்கள். குட்டி இருக்கக்கூடும், இந்த அணிலுக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. மற்ற மரங்களில் காய்ந்த கிளை, உள்வாட்டில் நெருக்கும் கிளைகளைக் கழிக்கலாம். பக்கத்து மரத்தைத் தொடும் கிளைகளில் வரிசைக்கு ஒன்றிரண்டையாவது விட்டுவையுங்கள். அதுதான் அதற்குப் பாதை. அறுந்தால் தரையிறங்கித்தான் கடக்க வேண்டும், தோப்பு நாயிடம் மாட்டும். காய் சேதம் அதிகமென்றால் விஷமோ கண்ணியோ வைக்காமல், சேதத்தைப் படமெடுத்து வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுங்கள்.