கெண்ட் பலிபீட ஓவியம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, ஓவியத்தைப் புதுப்பிக்கிறோம் என்று ஆட்டுக்குட்டிக்கு மனித முகம் வரைந்து கெடுத்துவிட்டதாக 2020இல் படங்கள் பரவினவே, உண்மையா?

பதில்: நடந்தது அதற்கு நேர்மாறானது. ஹூபர்ட், யான் வான் எய்க் சகோதரர்களின் கைவண்ணத்தில் 1432இல் நிறைவடைந்து, பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் இன்று புனித பாவோ பேராலயமாக விளங்கும் கோயிலில் வைக்கப்பட்ட, பல மரப்பலகைகளாலான இந்த ஓவியத்தின் மீது, 16ஆம் நூற்றாண்டில் வேறு கைகள் பூசிய வண்ணத்தை அகற்றியபோது வெளிப்பட்ட முகமே அது. நாம் பழகியிருந்த சாதுவான முகம்தான் பிற்காலச் சேர்க்கை. 1950களின் தொடக்கத்தில் நடந்த சீரமைப்பில் பழைய காதுகள் மட்டும் வெளிப்பட்டதால், அந்த ஆடு ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் நான்கு காதுகளோடு நின்றது. எதைப் பார்த்துச் சிரித்திருக்க வேண்டும் என்பதை நீங்களே சொல்லுங்கள்.

கேள்வி: பலிபீடத்தின் மேல் ஆடு நிற்பதன் பொருள் என்ன?

பதில்: உலகின் பாவத்தைப் போக்கும் கடவுளின் ஆட்டுக்குட்டி என்று திருமுழுக்கு யோவான் இயேசுவைச் சுட்டிக்காட்டிய சொற்கள், அந்தப் பீடத்தின் முகப்பிலேயே இலத்தீனில் எழுதப்பட்டுள்ளன. நெஞ்சிலிருந்து பீறிடும் குருதி கிண்ணத்தில் விழுவது கத்தோலிக்க வழிபாடான திருப்பலியின் திராட்சை இரசத்தைக் குறிக்கிறது. குருதி சிந்தியும் ஆடு சாயாமல் நிற்பது, விவிலியத்தின் திருவெளிப்பாடு நூல் சொல்லும், கொல்லப்பட்டும் நிற்கிற ஆட்டுக்குட்டியை நினைவூட்டுகிறது. சுற்றிலும் மண்டியிட்ட வானதூதர்களில் சிலர் இயேசுவின் பாடுகளைக் குறிக்கும் சிலுவை, முள்முடி, அவரைக் கட்டி அடித்த கற்றூண் ஆகியவற்றை ஏந்தியிருக்கிறார்கள். கெண்ட் நகரச் செல்வந்தர்களான யோஸ் வெய்ட், எலிசபெத் போர்லூட் தம்பதியர் தம் சிற்றாலயப் பீடத்துக்காகவே இதை நிறுவினார்கள் என்பதால், அங்கே திருப்பலியில் நிற்பவரை அந்த ஆடு நேருக்கு நேர் பார்க்க வேண்டியிருந்தது. மேற்பூச்சு மறைத்தது அந்தப் பார்வையைத்தான். ஆகவே அதை நீக்கியது சரியான முடிவு என்பதே என் கருத்து.

கேள்வி: மூல வண்ணம் சேதப்படாமல் மேற்பூச்சை மட்டும் நீக்குவது எப்படி?

பதில்: பெல்ஜிய அரச கலைமரபு நிறுவனத்தினர் 2012இல் பணியைத் தொடங்கி, எக்ஸ்-கதிர் ஒளிர்வு முறையால் வண்ணங்களிலுள்ள தனிமங்களின் பரவலைப் படமாக்கி, அடியில் இருப்பதைக் கண்டறிந்தார்கள். மூல வண்ணத்தில் ஏற்கெனவே விழுந்திருந்த வெடிப்புகளுக்குள் மேற்பூச்சு இறங்கியிருந்தால், அது காலத்தால் பிந்தையது என்பது தெளிவு. பிறகு வார்னிஷைக் கரைப்பான்களால் அகற்றி, நுண்ணோக்கியின் கீழ் அறுவைக் கத்தியால் மேற்பூச்சைச் சிறிது சிறிதாகச் சுரண்டினார்கள்.

கேள்வி: எல்லாப் பலகைகளும் சீராகிவிட்டனவா?

பதில்: இல்லை. உட்புற மேல்வரிசைக்கான பணி 2023இல்தான் தொடங்கியது. ‘நீதியுள்ள நடுவர்கள்’ பலகை 1934இல் திருடப்பட்டது. அதனிடத்தில் யெஃப் வான் டெர் வேகன் வரைந்த நகலே இருக்கிறது.