சயாமுக்குப் போன தாத்தாவுக்கு ஒரு நினைவு நடை: கேட்டவர்களுக்குப் பதில்

இரண்டாம் உலகப் போரின்போது சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு ஜப்பானியர்கள் போடவைத்த சயாம் மரண ரயில் பாதை வேலைக்குப் போய்த் திரும்பாத என் சின்னத் தாத்தாவின் நினைவாக, பினாங்கில் எங்கள் குடும்பம் வருடாவருடம் நிதி திரட்டும் நடை நடத்துகிறது. அப்படி நடத்த விரும்புகிறவர்கள் கேட்டவை இவை.

கேள்வி: அக்கா, தாத்தா இறந்த தேதி எங்களுக்குத் தெரியாது. எந்த நாளில் நடப்பது?

எங்களுக்கும் தெரியாது தம்பி. திதி தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசை என்று பெரியவர்கள் வைத்திருக்கிறார்களே, அதை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமையில் நடக்கிறோம். பர்மா பக்கமும் சயாம் பக்கமும் போட்டுவந்த தண்டவாளம் ஒன்றுசேர்ந்தது 1943 அக்டோபர் 17. அந்த நாளை எடுத்துக்கொண்டாலும் பொருத்தம்தான்.

கேள்வி: எவ்வளவு தூரம் வைக்கலாம்? 78 வயது அம்மாவும் வருவேன் என்கிறார்.

ஐந்து கிலோமீட்டர் வையுங்கள். சயாமின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை அந்தப் பாதை 415 கிலோமீட்டர். 83 பேர் ஆளுக்கு ஐந்து நடந்தால் முழுப் பாதையையும் நடந்த கணக்கு. ஒவ்வொருவர் கையிலும் ஒரு அட்டை கொடுப்போம். பாதையின் எந்த ஐந்து கிலோமீட்டர் அவருடையது என்று அதில் எழுதியிருக்கும். முதல் வருடம் ஆள் போதவில்லை, பலர் இரண்டு மூன்று அட்டை வாங்கிக்கொண்டார்கள். பாறையை உளியும் சுத்தியலுமாக வெட்டிய ஹெல்ஃபயர் பாஸ் என்ற மலைவெட்டுப் பகுதியின் அட்டையை ஒரு பத்து வயதுப் பையன் கேட்டு வாங்கினான். வழியெல்லாம் அதை நெஞ்சோடு அணைத்தபடியே வந்தான்.

நாங்கள் பாடாங் கோத்தா போர் நினைவுத்தூணில் தொடங்குகிறோம். சயாம் ரயில் பாதையின் பெயரும் அங்கே பொறித்திருக்கிறது. ஊரைச் சுற்றி குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலில் முடிப்போம். காலை ஏழு மணிக்கே கிளம்பிவிடுங்கள், வெயில் ஏறினால் முடியாது. அம்மாவைக் கோயில் பக்கம் உட்காரவைத்து, கடைசித் தெருவில் மட்டும் நடக்க விடுங்கள்.

கேள்வி: போலீசில் சொல்ல வேண்டுமா?

கட்டாயம். அமைதிப் பேரணிச் சட்டப்படி ஐந்து நாளுக்கு முன் மாவட்டப் போலீஸ் தலைவருக்கு எழுதித் தர வேண்டும். நான் ஒரு மாதம் முன்பே போய்விடுவேன். மாநகர் மன்றத்திலும் கேளுங்கள். தெருவில் உண்டியல் குலுக்க நினைத்தால் அதற்குத் தனி உரிமம் வேண்டும்.

கேள்வி: பணத்தை யார் கணக்கில் போடுவது?

சொந்தக் கணக்கில் வேண்டவே வேண்டாம். முதல் வருடம் என் கணக்கில் வாங்கினேன். சொந்தக்காரர்களுக்கு விளக்கம் சொல்லியே இரண்டு மாதம் ஓடியது. எந்த அமைப்புக்குக் கொடுக்கிறீர்களோ, அதன் கணக்கிலேயே நேராகப் போடச் சொல்லுங்கள். வரிவிலக்கு ரசீது வேண்டுமென்றால், வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவில் அந்த அமைப்பு அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும்.

கேள்வி: தாத்தா பெயர் எந்தப் பதிவிலும் இல்லை. பெயரில்லாமல் எப்படி நினைவு நடை?

இதைக் கேட்காத குடும்பமே இல்லை. தாய்லாந்தின் காஞ்சனபுரி போர்க் கல்லறையில், அந்தப் பாதை வேலையில் செத்த கிட்டத்தட்ட 7,000 போர்க்கைதிகள் கிடக்கிறார்கள், பெரும்பாலும் பெயரோடு. ஆனால் மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கூலிகளாகப் போனவர்களில் மிகப்பெரும்பாலோர் தமிழர்கள். அவர்களில் காலராவிலும் மலேரியாவிலும் செத்தவர்களைக் குழியில் கொட்டினார்கள், எரித்தார்கள். யாரும் பெயர் எழுதவில்லை. ஆகவே வீட்டில்தான் தேட வேண்டும். பழைய தோட்டத்தின் பெயர், லயம் (வரிசை வீடு), கங்காணி (வேலையாட்களை மேய்த்தவர்) யார், கூடப் போனவர் யார் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி (டாலர்) சம்பளம் என்று சொல்லித்தான் கூட்டிப்போனார்கள் என்பார் என் பாட்டி. தம்பி வந்ததும் வேலைக்குப் போவானென்று, சின்னத் தாத்தாவின் ரப்பர்ப் பால் வெட்டும் கத்திக்குப் பல வருடம் எண்ணெய் தடவி வைத்திருந்தார். அந்தக் கத்தியிலிருந்துதான் எங்களுக்குத் தோட்டத்தின் பெயர் கிடைத்தது. பிடியில் அதன் எழுத்துகள் சுட்டிருந்தன.

கிடைத்த பெயரை, வெறும் "முனியன்" என்றே இருந்தாலும், நடை தொடங்கும்முன் சத்தமாக வாசியுங்கள். பெயரே கிடைக்காதவருக்கு "இன்னாருடைய அண்ணன்" என்று சொல்லுங்கள். நாங்கள் அப்படி மூன்று பேரை வாசிக்கிறோம்.