ஏட்டுக் கால்சியம்

ஐயா,

கேழ்வரகு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு வயது 53. பால் குடித்தால் வயிறு உப்பி, ஒரு மணி நேரத்தில் ஓட வேண்டியிருக்கிறது. எலும்பு அடர்த்தி குறைந்திருப்பதாக ஸ்கேனில் வந்ததால் டாக்டர் கால்சியம் மாத்திரை எழுதியிருக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா, “மாத்திரை எதுக்கு? பாலைவிட எள்ளுல பத்து மடங்கு இருக்கு. தினம் ஒரு எள்ளுருண்டை போதும்” என்கிறார். மகள் பாதாம் பால் டப்பா வாங்கி வைத்திருக்கிறாள். வீட்டில் மீன் உண்டு. தைராய்டு மாத்திரையும் சாப்பிடுகிறேன். யார் பேச்சைக் கேட்பது?

ஒரு வாசகி, தூத்துக்குடி

அன்புள்ள சகோதரி,

அக்கா சொல்வது பொய்யில்லை. 100 கிராம் எள்ளில் 1200 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு, பாலில் 120 சொச்சம். ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. 100 கிராம் எள்ளை யார் தின்கிறார்கள்? உருண்டைக்கு 10 கிராம் எள் என்றால் ஏட்டிலேயே 120தான். அதிலும் பெரும்பங்கு தோலில், ஆக்சலேட் என்ற பொருளோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. குடலால் அதைப் பிரித்தெடுக்க முடியாது. பாலக்கீரையும் இப்படித்தான். பாலில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை உடம்பு எடுத்துக்கொள்ளும், பாலக்கில் இருபதில் ஒரு பங்குதான். எள்ளுருண்டை சாப்பிடுங்கள், ருசிக்காக.

கேழ்வரகு பரவாயில்லை. 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது, அதை நாம் கைநிறைய எடுத்துச் சமைக்கிறோம். அதிலும் பைட்டேட் என்ற முட்டுக்கட்டை உண்டு, ஆனால் ஊறவைத்து முளைகட்டினால் அது குறையும். மாவைக் கரைத்து இரவு முழுக்கப் புளிக்கவிட்டுக் கூழ் காய்ச்சினாலும் குறையும். கடையில் வாங்கிய மாவில் அவசரத்துக்குச் சுடும் ரொட்டியைவிடக் கூழ்தான் என் கட்சி.

பாதாம் பாலுக்கு வருவோம். டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். கால்சியம் சேர்த்தது என்று போட்டிருந்தால் சரி, நன்றாகக் குலுக்கிவிட்டு ஊற்றுங்கள், சேர்த்தது அடியில் படிந்துவிடும். போடவில்லை என்றால் அது வெள்ளைத் தண்ணீர். வீட்டில் பத்துப் பாதாம் அரைத்தாலும் 30 மில்லிகிராம் தேறினால் அதிகம்.

பாலை விட்டீர்கள், தயிரையும் விட்டுவிட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. உங்களைப் படுத்துவது பெரும்பாலும் பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையாக இருக்கும். தயிர் உறையும்போது அதில் ஒரு பகுதியை நுண்ணுயிர்களே தின்றுவிடுகின்றன, மிச்சத்தைச் செரிக்கவும் அவை உதவும். அதனால் பால் ஒத்துக்கொள்ளாத பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும். அரைக் கிண்ணத்தில் ஆரம்பித்துப் பாருங்கள். ஒரு டம்ளர் கெட்டித் தயிரில் 240 மில்லிகிராம் அளவுக்குக் கிடைக்கும். நீர்மோரை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். என் அம்மா மூன்று வேளை காபியைப் பால் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தார். மூன்றையும் சேர்த்தால் ஒரு டம்ளர் பால்கூட வராது.

அப்புறம் மீன். தூத்துக்குடியில் இருந்துகொண்டு எள்ளைப் பற்றிக் கேட்கிறீர்களே! மீனில் கால்சியம் முள்ளில்தான். வஞ்சிரத் துண்டை வறுத்து முள்ளை ஒதுக்கினால் கால்சியம் பூனைக்குப் போகிறது. நெத்திலியை முள்ளோடு மென்று தின்னலாம். சாளையைப் புளி ஊற்றிக் குக்கரில் கூடுதல் நேரம் வைத்தால் முள் மெத்தென்று ஆகிவிடும். கருவாடு வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் உப்பு கூடக்கூடச் சிறுநீரில் கால்சியம் அதிகம் வெளியேறும்.

பெரியவர்களுக்குப் பொதுவாக ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2020-இல் தந்த அளவு. அதற்கு முன் 600 என்றிருந்தது. தயிர், கூழ், நெத்திலி, முருங்கைக்கீரை எல்லாம் இருந்தாலும் தினமும் ஆயிரத்தை எட்டுவது சிரமம். அதனால் அக்கா பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்தாதீர்கள். சாப்பாட்டில் எவ்வளவு வருகிறது என்று டாக்டரிடம் சொன்னால் அதற்கேற்ப அளவை மாற்றுவார். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியம் மாத்திரைக்கும் நடுவே நான்கு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இரண்டையும் காலையில் சேர்த்து விழுங்கினால் தைராய்டு மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது.