தைரியம் சொல்ல வருகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்

கேள்வி: அக்கா, குத்தகைத் தோட்டத்தில் ஏத்தன் வாழை போட்டிருந்தோம். வெட்டுக்கு ஒரு மாசம் இருக்கையில், ஒரு ராத்திரிக் காற்றில் பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டது. என் நகையை அடகு வைத்துப் போட்ட பயிர். அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் தோட்டத்துப் பக்கமே போகவில்லை. சரியாகச் சாப்பிடுவதும் இல்லை, தூங்குவதும் இல்லை. வருகிற சொந்தக்காரர்கள் எல்லாம் "பாசிட்டிவா இருங்க" என்கிறார்கள். எப்படி என்று யாரும் சொல்வதில்லை.
– பெயர் வேண்டாம், களக்காடு

பதில்: தங்கச்சி, மாசக்கணக்கில் தண்ணீர் பாய்ச்சி, உரம் வைத்து, கம்பு ஊன்றி வளர்த்தது தரையில் கிடந்தால் யாருக்கும் நெஞ்சு அடைக்கும். இரண்டு பேரும் அழுதுவிடுங்கள். பிள்ளைகள் பார்த்தாலும் பரவாயில்லை. வந்தவர்களுக்காகச் சிரித்த முகம் காட்ட வேண்டாம்.

ஆனால் ஒரு காரியத்தை இன்றைக்கே செய். வீட்டிலும் மோட்டார் ரூமிலும் இருக்கிற பூச்சிமருந்து, களைக்கொல்லி எல்லாவற்றையும் எடுத்து, நம்பிக்கையான ஒருவர் வீட்டில் வைத்துப் பூட்டச் சொல். அப்புறம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "செத்துப் போயிரலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேள். கேட்டால் இல்லாத எண்ணமும் வந்துவிடும் என்று நம் ஊரில் பயப்படுகிறார்கள். அப்படி வராது. நான் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். மருந்து குடித்து, தூக்கிக்கொண்டு வரப்பட்ட விவசாயிகளைப் பார்த்திருக்கிறேன். பிழைத்தவர்களில் பலர், "அந்த நேரத்துக்கு யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் குடித்திருக்க மாட்டேன்" என்றுதான் அழுவார்கள். "ஆமாம்" என்று அவர் சொன்னால் தனியாக விடாதே, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி மையம் இருக்கிறது. ராத்திரி எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. அவர் பேச மறுத்தால் நீயே பேசு.

அடுத்தது தோட்டம். ஓரளவு முற்றிய ஏத்தங்காய் சிப்ஸ் போடுகிறவர்களுக்கு ஆகும். விலை அடிமட்டமாகத்தான் கேட்பார்கள். இருந்தாலும் காய் வதங்குவதற்குள் வியாபாரியைக் கூப்பிடு. சாய்ந்ததைப் போட்டோ எடுத்து, வி.ஏ.ஓ.விடமும் தோட்டக்கலைத் துறை அலுவலகத்திலும் மனு கொடு. குத்தகை என்பதால் அடங்கலில், அதாவது வி.ஏ.ஓ. வைத்திருக்கிற பயிர்க் கணக்கில், யார் பெயர் இருக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டு, நிலத்துக்காரரையும் கூட அழைத்துப் போ. காப்பீடு செய்திருந்தால் ரசீதையும் எடுத்துக்கொள். நிவாரணம் எப்போது வரும், எவ்வளவு வரும் என்பதெல்லாம் பிறகு. எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள். அடகு ரசீதில் கெடு தேதி எது என்று பார்த்து, வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பிக்க முடியுமா என்று இப்போதே கேட்டுவிடு. கெடு முடிகிற அன்று போய் நிற்காதே.

அவரைத் தோட்டத்துக்குத் தனியாக அனுப்பாதே, கூடவே போ. முதல் நாள் வரப்பில் உட்கார்ந்துவிட்டு வந்தாலே போதும். மறுநாள் சாய்ந்த மரம் ரெண்டை வெட்டி ஓரமாகப் போடட்டும். "மனசு சரியாகட்டும், அப்புறம் பாத்துக்கிடலாம்" என்பார். மனச்சோர்வில் அப்படிக் காத்திருந்தால் நாள்தான் போகும். கொஞ்சமாக வேலையைத் தொடங்கிய பிறகுதான் மனசு மெல்ல அசைந்து கொடுக்கும். 1970களிலிருந்து மனநலத் துறையில் இதை ஒரு சிகிச்சை முறையாகவே செய்து வருகிறார்கள்.

இரண்டு வாரத்துக்கு மேலும் இதே நிலைமை என்றால், பாளையங்கோட்டை அரசு ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவரிடம் காட்டு. மாத்திரை கொடுத்தால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். ஒரு வாரத்தில் "மருந்து கேக்கல" என்று நிறுத்திவிடாதீர்கள். நான் பார்த்ததில் பாதிப் பேர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள்.

கடிதம் முழுக்க அவரைப் பற்றியே எழுதியிருக்கிறாய். நீ சாப்பிடுகிறாயா, தங்கச்சி? நகை போன வருத்தம் உனக்கும் இருக்கும். அக்கா தங்கை யாராவது இருந்தால் இரண்டு நாள் வந்து இருக்கச் சொல். அடுப்படியை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

கேள்வி: மூன்று தடவை குரூப் 4 எழுதியும் கிடைக்கவில்லை. தன்னம்பிக்கை வீடியோ பார்த்தால் தெம்பு வருகிறது. அடுத்த நாளே முன்னைவிடச் சோர்வாகிவிடுகிறேன்.
– வாசகர், மேலப்பாளையம்

பதில்: தம்பி, வீடியோ பார்ப்பதைக் கொஞ்ச நாள் நிறுத்து. காப்ரியேல் எட்டிங்கன் என்ற ஜெர்மன் உளவியலாளர் இதைத்தான் ஆராய்ந்தார். நல்ல வேலை கிடைத்துவிட்டது போல இனிமையாகக் கற்பனை செய்துகொண்டிருந்த பட்டதாரிகளுக்குப் பின்னால் வேலை வாய்ப்பும் குறைவாக வந்தது, சம்பளமும் குறைவாக இருந்தது என்கிறது 2002இல் வெளிவந்த அவருடைய ஆய்வு. ஜெயித்த திருப்தி கற்பனையிலேயே கிடைத்துவிடுவதால் முயற்சி தளர்ந்துவிடுகிறது என்பது அவர் சொல்லும் காரணம்.

போன தடவை வினாத்தாளை எடுத்துக்கொண்டு மைய நூலகத்தில் போய் உட்கார். 200 கேள்வியில் 100 தமிழ், 75 பொது அறிவு, 25 கணக்கு. எதில் எத்தனை விட்டாய் என்று எண்ணிப் பார், அதிகம் விட்டதிலிருந்து ஆரம்பி. சாயங்காலம் சின்னதாக ஒரு வேலைக்கும் போ. வீட்டில் கைச்செலவுக்குக் கேட்கிற கூச்சம் போனாலே கொஞ்சம் தூக்கம் வரும்.

கேள்வி: கூட்டாளியின் சம்சாரம் தவறிவிட்டார்கள். "தைரியமா இரு" என்றேன். அவன் ஒன்றும் பேசாமல் என் முகத்தையே பார்த்தான். வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும்?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: அண்ணாச்சி, ஒன்றுமே சொல்லியிருக்க வேண்டாம். பதினாறாம் நாள் காரியம் முடிகிற வரைக்கும் வீடு நிறைய ஆள் இருக்கும். அதற்குப் பிறகுதான் அவர் தனியாக இருப்பார், அப்போது போங்கள். தவறிப்போன அவர் சம்சாரத்தின் பேரைச் சொல்லியே பேசுங்கள், அவர்கள் வைக்கிற குழம்பைப் பற்றிக்கூடப் பேசலாம். அவர் அழுதால் பேச்சை மாற்றாதீர்கள். "எப்ப வேணும்னாலும் கூப்பிடு" என்று சொல்லிவிட்டு வந்தால் அவர் கூப்பிட மாட்டார். "ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கு வாரேன், ஆத்துக்குக் குளிக்கப் போவோம்" என்று நேரம் குறித்துச் சொல்லிவிட்டு, அதே நேரத்துக்குப் போய் வாசலில் நில்லுங்கள்.