கருணைக்கொலையும் தலைக்கூத்தலும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

இறுதிக்காலச் சிகிச்சை பற்றிய உங்கள் கட்டுரையில், மருத்துவரே ஊசி போட்டு உயிரை முடித்துவைக்க அனுமதிக்கும் சட்டம் இந்தியாவுக்கு இப்போது வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் கோபம்தான் வந்தது. என் அம்மா சென்ற ஆண்டு வாய்ப்புற்றுநோயால் இறந்தார். கடைசி மாதங்களில் விழுங்கவும் முடியவில்லை, தூங்கவும் முடியவில்லை. "என்னை அனுப்பிவையுங்கள்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கொடுத்தது சாதாரண வலி மாத்திரை. துடிக்கிற நாய்க்குக்கூட ஊசி போட்டு விடுதலை தருகிறோம், பெற்றவளுக்குத் தரக் கூடாதா? நெதர்லாந்திலும் கனடாவிலும் இருக்கும் உரிமையை நமக்கு ஏன் மறுக்கிறீர்கள்? பிழைக்க வாய்ப்பில்லாதவர் சிகிச்சையை மறுக்கலாம் என்ற உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பால் யாருக்கு என்ன பயன்? இப்போது அப்பா, "எனக்கு அந்த நிலைமை வரக் கூடாது" என்று தினமும் புலம்புகிறார்.

சு., கோவை

அன்புள்ள சு.,

உங்கள் கோபம் நியாயமானது. அம்மா பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்த உங்களிடம் உயிரின் புனிதம் பற்றி நான் பேசப்போவதில்லை. அந்த வாதத்தில் எனக்கு நம்பிக்கையும் இல்லை. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர்விட்டதைப் புறநானூறு போற்றுகிறது. சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து மறைந்ததைச் செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றுப் பாறையில் வெட்டிவைத்திருக்கிறார்கள். தன் முடிவைத் தானே தேர்ந்துகொள்வதை இழிவாக நினைத்த மரபல்ல நம்முடையது.

உங்கள் கடிதத்தில் என்னை உலுக்கியது "கொடுத்தது சாதாரண வலி மாத்திரை" என்ற வரி. அம்மாவுக்குக் கடும் வலியை அடக்கும் மார்ஃபின் கிடைத்திருக்க வேண்டும். விலை குறைந்த மாத்திரை அது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுத்து, வலிக்கு ஏற்ப அளவைக் கூட்டுவார்கள். அதற்கு மூலப்பொருளான அபின், அரசு உரிமத்துடன் மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் விளைகிறது. நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசு ஆலைகளே இருக்கின்றன. ஆனால் 1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம், கணக்கில் சிறு பிசகு நேர்ந்தாலும் சிறைதான் என்ற பயத்தை உண்டாக்கியது. மருந்துக்கடைகளும் மருத்துவமனைகளும் மார்ஃபினை வாங்கி வைப்பதையே விட்டன. 2014இல் சட்டத்தைத் திருத்தினார்கள், பயம் மட்டும் போகவில்லை. மருத்துவம் படித்து முடிக்கும்வரை ஒரு நோயாளிக்குக்கூட மார்ஃபின் எழுதிப் பழகாத ஒரு தலைமுறை உருவாகிவிட்டது. இதை ஒரு நாட்டின் குற்றம் என்றே சொல்வேன்.

என் அத்தைக்கு நாக்கில் புற்றுநோய். அவரும் சாவைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். வலிநிவாரணக் குழுவிலிருந்து ஒரு செவிலியர் வந்து, தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மாத்திரை வேளைகளை எழுதிச் சுவரில் ஒட்டினார். இரவு படுக்கும்போது இரட்டிப்பு அளவு, மலச்சிக்கலுக்குத் தனி மருந்து, எல்லாம் அதில் இருந்தது. சில நாட்களில் அத்தை கரைத்த ரசஞ்சாதம் கேட்டார், அதில் உப்பு குறைவு என்று மருமகளிடம் சண்டையும் போட்டார். நோய் அவரை விடவில்லை, இறந்துதான் போனார். ஆனால் அதன்பிறகு ஒருமுறைகூட "அனுப்பிவையுங்கள்" என்று கேட்கவில்லை.

வலி தீர்ந்த பிறகும் சாவைக் கேட்பவர்கள் உண்டு என்பதை மறுக்கவில்லை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், சாவதற்கு மருத்துவர் உதவலாம் என்ற சட்டம் 1997 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் இறப்பு உறுதி என்று இரண்டு மருத்துவர்கள் சொன்னால், மருந்தை எழுதித் தருவார்கள். நோயாளியே அதைக் குடிக்க வேண்டும். அப்படி இறந்தவர்கள் அதிகமாகச் சொன்ன காரணம் வலி அல்ல. தன் விருப்பப்படி இயங்க முடியவில்லை என்பதுதான். இன்னொரு காரணமும் அந்த மாநிலத்தின் ஆண்டறிக்கைகளில் திரும்பத் திரும்ப வருகிறது. பத்தில் நான்கு பேருக்கு மேல், குடும்பத்துக்குப் பாரமாகிவிட்டோம் என்ற எண்ணத்தையும் சொல்லியிருக்கிறார்கள்.

நாய்க்குத் தன் மருந்துச் செலவு தெரியாது. பேத்தியின் கல்லூரிக் கட்டணத்தை ஸ்கேனுக்குக் கட்டினார்கள் என்று அதற்கு உறுத்தாது. நம் வீட்டுக் கிழவிக்கு அத்தனையும் தெரியும். அவள் "போதும்" என்று சொல்லும்போது அது அவள் விருப்பமா, மருமகன் முகத்தைப் பார்த்துச் சொன்னதா என்பதை எந்த மருத்துவர் பிரித்தறிவார்?

நான் கற்பனையாகப் பயப்படவில்லை. மதுரை, விருதுநகர், தேனி வட்டாரங்களில் தலைக்கூத்தல் இருந்திருக்கிறது. படுத்த படுக்கையான முதியவருக்கு விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிர்ந்த நீரில் குளிப்பாட்டி, இளநீர் கொடுப்பார்கள். உடம்பு சில்லிட்டுக் காய்ச்சல் கண்டு ஓரிரு நாளில் கதை முடியும். சொந்தபந்தங்களுக்கு முன்கூட்டியே சொல்லியனுப்புவதும் உண்டு. செய்தவர்கள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். கூலி வேலைக்குப் போனால்தான் சோறு என்ற வீட்டில், ஒருவர் பகல் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க முடியாது. ஆனால் படுத்திருந்தவரிடம் யாரும் கேட்கவில்லை. தமக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்பது காதில் விழுந்து, விருதுநகர் மாவட்டத்து முதியவர் ஒருவர் வீட்டைவிட்டுத் தப்பியோடிய செய்தி 2010இல் வந்தது. அந்த வீட்டுக்குள் போய், "ஐயா, இது உங்கள் சொந்த முடிவுதானே?" என்று படிவத்தில் கையெழுத்து வாங்கும் சட்டத்தை நான் எப்படி ஆதரிப்பேன்? அப்படி ஒரு சட்டம் வந்தால் அதன் எல்லையும் நின்ற இடத்தில் நிற்காது. கனடா 2016இல் மரணம் நெருங்கிவிட்டவர்களுக்கு என்று தொடங்கி, 2021இல் அந்த நிபந்தனையையே எடுத்துவிட்டது.

2018 தீர்ப்பைப் பயனற்றது என்கிறீர்கள். அதைப் பயன்படுத்தியவர்கள் மிகக் குறைவு என்பதே என் வருத்தம். பிழைக்க வாய்ப்பில்லாத நிலையில் வென்டிலேட்டர் போன்ற சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை ஐந்து நீதிபதிகள் அமர்வு தந்தது. முதலில் மாஜிஸ்திரேட் மேலொப்பம் கேட்டதால் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. 2023 ஜனவரியில் அதை எளிதாக்கினார்கள். இன்றும் நம் ஊர்களில் நடப்பது என்ன? பணம் தீர்ந்ததும், மருத்துவர் அறிவுரையை மீறி அழைத்துச் செல்கிறோம் என்று கையெழுத்துப் போட்டு, மூச்சுக்குழாயோடு ஆம்புலன்ஸில் ஏற்றி, வீட்டு வாசலில் குழாயை உருவுகிறார்கள். தைரியமாகச் செய்ய வேண்டியதைத் திருட்டுத்தனமாகச் செய்யும் நிலையில் குடும்பங்களை விட்டிருக்கிறோம். மாற்ற வேண்டியது இதைத்தான்.

உங்கள் அப்பாவின் புலம்பலை இன்றே காகிதத்தில் ஏற்றுங்கள். எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், அவரால் பேச முடியாதபோது யார் முடிவெடுப்பது என்பதை அவரே சொல்லட்டும். ஒன்றுக்கு மேற்பட்டவர்களைக் குறிப்பிடலாம். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியிடமோ சான்று வாங்குங்கள். ஒரு பிரதி குடும்ப மருத்துவரிடம் இருக்கட்டும். நோய் என்று வந்தால் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வலிநிவாரணச் செவிலியரைக் கேளுங்கள். மார்ஃபின் இல்லை என்றால் எழுத்தில் பதில் கேளுங்கள், எனக்கும் அனுப்புங்கள். அதைப் பற்றி நான் எழுதுகிறேன்.