ஜியாவ்ஸு: மாவு, பூரணம், கொதிதண்ணி பத்தி நீங்க கேட்டவை

ஜியாவ்ஸுன்னா கோதுமை மாவை வட்டமா தேய்ச்சு உள்ள பூரணம் வச்சு மடிக்கற சீனக் கொழுக்கட்டை. இந்த வாட்டி வந்த கேள்விகள்ல முக்காவாசி ஷுய்ஜியாவ் பத்தி, அதாவது வட சீனாவுல வீட்ல தண்ணில வேகவைக்கற வகை, அதனால அதுக்கே நிறைய இடம் கொடுத்திருக்கேன்.

கே: ரெண்டு கப் மாவு, தேவையான அளவு தண்ணி போட்டு பிசைஞ்சேன். கையெல்லாம் ஒட்டுது, ஏன்?

ப: எந்த கப், எவ்ளோ தண்ணின்னு எழுதாம ஏன்னு கேட்டா நான் என்ன சொல்ல? தராசுல வைங்க. 500 கிராம் மாவுக்கு பச்சத்தண்ணி 250 மில்லி, மைதான்னா 20 மில்லி குறைச்சு ஆரம்பிங்க, ஒரு சிட்டிகை உப்பு. பிசைஞ்சதும் சொரசொரப்பாத்தான் இருக்கும், பயப்படாதீங்க, அரை மணி நேரம் மூடி வைங்க, அப்புறம் இன்னொரு தடவை பிசைஞ்சா வழவழன்னு வந்துடும். மூடி வைங்க!

கே: வெந்நீர்ல பிசையலாமா?

ப: ஆவில வைக்கவும் தோசைக்கல்லுல பொரிக்கவும் பிசையலாம், மெத்துன்னு வரும். தண்ணில வேகவைக்க வேணாம், கடிச்சா இழுவையே இருக்காது.

கே: மாவைப் பெருசா தேய்ச்சு டம்ளரால வட்டம் வட்டமா வெட்டினேன். மடிச்ச இடம் வேகவே இல்ல, அடி கிழிஞ்சு சாறெல்லாம் போச்சு.

ப: டம்ளரை எடுத்து உள்ள வைங்க. எத்தனை வருஷமா இதைச் சொல்றேன், இன்னும் மாசம் நாலு பேராவது இதே வேலையப் பண்ணிட்டு எழுதறீங்க. யோசிச்சுப் பாருங்க, மடிக்கும்போது விளிம்பு ரெண்டு மடங்காகுது, நடுப்பகுதி ஒத்தையா நின்னு பூரணத்தையும் சாறையும் மொத்தமா தாங்கணும். எல்லா இடமும் ஒரே கனமா இருந்தா விளிம்பு பச்சையா நிக்கும், அடி கிழியும், வேற எப்படி ஆகும்? அதனாலதான் அங்க ஒவ்வொண்ணையும் தனித்தனியா தேய்க்கறாங்க. மாவைக் கயிறா உருட்டி 10, 12 கிராம் துண்டா வெட்டி, உள்ளங்கையால தட்டி, இடது கையால வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமா சுத்திக்கிட்டே வலது கையால சின்னக் கட்டைய விளிம்புலேர்ந்து நடு வரைக்கும் மட்டும் உருட்டணும், நடுவைத் தாண்டக் கூடாது. விளிம்பு மெலிசு, நடு கனம், அவ்ளோதான். நான் வடகிழக்கு சீனாவுல ஷென்யாங் நகரத்துல இருந்தப்போ கீழ் வீட்டுப் பாட்டி ஒருத்தரே தேய்ப்பாங்க, மூணு பேர் மடிச்சாலும் அவங்க வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியாது. முதல் 20 உங்களுக்குக் கோணலா வரும், வரட்டும், வேகறதுக்கும் வட்டத்துக்கும் சம்பந்தமே இல்ல. டம்ளர்ல வெட்டினா மிஞ்சற மாவைத் திரும்பத் திரும்பப் பிசைஞ்சு இறுகிப் போறது வேற. தேய்ச்சதைக் காயவிடாதீங்க, மூடி வைங்க.

கே: ஒட்டவே மாட்டேங்குது, விளிம்புல தண்ணி தடவணுமா?

ப: கடைல வாங்கற காஞ்ச ஷீட்டுக்குத்தான் தடவணும். உங்க கையால தேய்ச்சது அழுத்தினா ஒட்டும். ஒட்டலைன்னா விளிம்புல மாவுத்தூளோ பூரணத்து எண்ணெயோ பட்டிருக்கு.

கே: சிக்கன் பிரெஸ்ட் போட்டேன், உள்ள சக்கை மாதிரி இருக்கு.

ப: கொழுப்பில்லாத கறி அப்படித்தான் இருக்கும், தொடைக்கறி எடுங்க. பன்னிக்கறின்னா கால்வாசிக்கு மேல கொழுப்பு இருக்கட்டும். அப்புறம் அரைக்கிலோ கொத்துக்கறிக்கு இஞ்சி, வெங்காயத்தாள் ஊறின தண்ணி 100 மில்லிக்கு மேல, கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி ஒரே பக்கமா கலக்கிக்கிட்டே இருங்க, கறி தண்ணியக் குடிச்சு பசை மாதிரி ஆகற வரைக்கும். முட்டைக்கோஸை மட்டும் தனியா உப்பு போட்டு நல்லா பிழிஞ்சு கடைசில சேருங்க.

கே: நல்லெண்ணெய் ஊத்தலாமா?

ப: நம்ம செக்கு நல்லெண்ணெய் வேற, அங்க ஊத்தறது எள்ளை நல்லா வறுத்து எடுத்த எண்ணெய், வாசனையே வேற. அது ஒரு ஸ்பூன் போதும்.

கே: ஃப்ரீஸர்ல வச்சதை எப்போ வெளில எடுக்கணும்?

ப: கொதிக்கற தண்ணில போடும்போதுதான். வெளில வச்சு இளக விட்டா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கிழியும். முதல்ல தட்டுல தனித்தனியா உறைய வச்சு அப்புறம்தான் பைல போடணும், இதுவும் நூறு தடவை சொன்னதுதான்.

கே: வேகும்போது மூணு தடவை பச்சத்தண்ணி ஊத்தறாங்களே, எதுக்கு?

ப: தளதளன்னு விடாம கொதிச்சா உள்ள கறி வேகறதுக்குள்ள மேல் மாவு கிழிஞ்சிடும். அரை டம்ளர் ஊத்தினா கொதி அடங்கும், மறுபடி கொதிக்கறதுக்குள்ள உள்ள சூடு போய்ச் சேரும். மூணாவது கொதில எல்லாம் உப்பி மிதந்தா எடுத்துடுங்க. போட்ட உடனே கரண்டியோட முதுகால அடியத் தள்ளி விடுங்க, இல்லன்னா பாத்திரத்துல ஒட்டிக்கும்.

கே: தொட்டுக்க என்ன?

ப: கருப்பு வினிகர், நசுக்கின பூண்டு. சோயா சாஸ்ல முக்கி எடுத்தா உப்புதான் தெரியும். வெந்த தண்ணியக் கொட்டிடாதீங்க, சாப்பிட்டு முடிச்சதும் ஒரு கிண்ணம் சூடா குடிப்பாங்க, செரிமானத்துக்கு நல்லதுன்னு அங்க பெரியவங்க சொல்லுவாங்க.